இருநூத்தி அஞ்சும் ஒண்ணு புள்ளி ரெண்டு ஒண்ணும்

(மாலைப் பள்ளி நடத்தும் தோழர்களுக்கான ஒருநாள் முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். கரும்பலகையில் போட்டுக் காட்டியதை எல்லாம் இங்கே எழுத்தில் சொல்ல வேண்டியிருந்ததால் சில இடங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சுவழக்கை முழுக்கத் துடைத்துவிடவில்லை.)



என்னை வழக்கமாகக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். கணக்கு பற்றிப் பேசு என்று சொன்னபோது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. நான் கணக்கு வாத்தியார் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராக இருக்கிறவன். ஏழு வருஷமாக எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் மூணாவது, நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் தகுதி. அதனால் இங்கே நான் பேசப்போவது பெரும்பாலும் தப்புகளைப் பற்றித்தான். பிள்ளைகள் பண்ணின தப்பு, நான் பண்ணின தப்பு.

நம்ம மாலைப் பள்ளிகளில் பாட்டுக்கு ஆள் இருக்கிறது. நாடகத்துக்கு, பறைக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. கணக்கு என்று வந்தால் யாராவது ஒரு பி.எஸ்ஸி. தம்பி தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். காரணம், நம்மில் பாதிப் பேருக்குக் கணக்கு என்றால் பயம். எனக்கு அந்தப் பயம் மூணாவது படிக்கும்போது வந்தது. எங்கள் வாத்தியார் ஊர்ப் பையன் கணக்கைத் தப்பாகப் போட்டால் "கவனமாப் போடுடா" என்பார். நான் அதே தப்பைப் பண்ணினால் "உனக்கெல்லாம் எதுக்குடா இது" என்பார். அவனுக்கு அது கவனக்குறைவு. எனக்குப் பிறவிக்குறைவு.

அம்பேத்கர் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது வாத்தியார் அவரைக் கரும்பலகையில் கணக்குப் போடக் கூப்பிட்ட கதை உங்களுக்குத் தெரியும். பலகைக்குப் பின்னால் சாப்பாட்டு டப்பாக்களை வைத்திருந்த சாதி இந்துப் பிள்ளைகள், இவர் வருவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை அள்ளிக்கொண்டார்கள். அந்தப் பையன்தான் பின்னாடி 1923-ல் ரூபாயின் பிரச்சினை பற்றிப் புத்தகம் எழுதினார். மேடையில் இதை நாம் எல்லோரும் சொல்கிறோம். சொல்லிவிட்டு நம்ம வகுப்பில் என்ன செய்கிறோம்? நன்றாகப் படிக்கிற ரெண்டு பிள்ளைகளைத்தான் திரும்பத் திரும்பப் பலகைக்குக் கூப்பிடுகிறோம். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் செய்தேன். இப்போது எல்லாப் பிள்ளையும் தினம் ஒரு தடவையாவது சாக்பீஸைத் தொட வேண்டும். தப்பாகப் போட்டாலும் வரணும். தப்பாகப் போட்டால் எனக்குக் கூடுதல் சந்தோஷம், ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு நாள் "இருநூத்தி அஞ்சு எழுது" என்றேன். நாலாவது படிக்கிற பெண். 2005 என்று எழுதினாள். நான் பட்டென்று அழித்துவிட்டு 205 என்று எழுதிக் காட்டினேன். அவளும் தலையாட்டினாள். மறுநாள் "முன்னூத்தி நாப்பது" என்றேன். 30040. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சும்மா கிறுக்கவில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறாள். இருநூறு, 200. அப்புறம் அஞ்சு, 5. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள். வாயால் சொல்கிற எண்ணில் இடம் கிடையாது, தோழர்களே. நூறு என்று சொல்லால் சொல்லிவிடுகிறோம். எழுதும்போது அந்தச் சொல் காணாமல் போய் வெறும் இடமாக மாறிவிடுகிறது. இந்த மாயத்தை நாம் யாரும் பிள்ளைக்கு விளக்குவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பழைய தமிழ் எண்களில் இருநூற்று ஐந்தை எப்படி எழுதினார்கள்? ௨௱௫. ரெண்டு, நூறு, அஞ்சு. பத்துக்கு, நூறுக்கு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறி இருந்தது. ௰, ௱, ௲. பூஜ்யம் தேவைப்படவில்லை. சொல்வது போலவே எழுதினார்கள். அந்தப் பெண் பண்ணினது அதே காரியம்தான். கல்வெட்டில் இருந்தால் மரபு, நம்ம காலனிப் பிள்ளை சிலேட்டில் இருந்தால் மக்கு.

நம்ம மொழியிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. தமிழில் எண்களின் பெயர்கள் ரொம்ப ஒழுங்கானவை. இருபத்தொன்று, முப்பத்திரண்டு என்று கேட்டாலே எத்தனை பத்து, எத்தனை ஒன்று என்று தெரிந்துவிடும். இந்தியில் அப்படி இல்லை, நூறு வரைக்கும் மனப்பாடம்தான் பண்ணணும். ஆனால் ஒன்பதில் வந்து தமிழும் காலை வாருகிறது. எண்பதுக்கு அப்புறம் தொண்ணூறு. அதுக்குள்ளே நூறு ஒளிந்திருக்கிறது. எண்ணூறுக்கு அப்புறம் தொள்ளாயிரம். அதுக்குள்ளே ஆயிரம். "தொண்ணூத்தி ஆறு" என்றால் ஒரு பையன் 906 என்று எழுதுகிறான். அவன் காதில் ஒன்பதும் நூறும் ஆறும் விழுந்தது. நான் சொன்னதைக் கேட்கவில்லை என்று அவனைத் திட்டினேன். உண்மையில் அவன் என்னைவிட நன்றாகக் கேட்டிருக்கிறான். இப்போதெல்லாம் தொண்ணூறு வரும்போது "ஒம்போது பத்து, அதுக்குப் பேர் தொண்ணூறு" என்று ஒரு மாதம் சேர்த்தே சொல்கிறோம்.

சரி, இடத்தை எப்படிப் புரியவைப்பது? அதற்கு முன்னால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? அமெரிக்காவில் கான்ஸ்டன்ஸ் காமி என்கிற கல்வியாளர் வைத்துப் பார்த்த சோதனை ஒன்று. நான் அதைப் புளியங்கொட்டையில் செய்தேன். 16 கொட்டையை எண்ணி வைக்கச் சொல்ல வேண்டும். 16 என்று எழுதச் சொல்ல வேண்டும். எழுதின 6-ஐக் காட்டி, "இந்த ஆறு எங்கே இருக்கு, கொட்டையில காட்டு" என்றால் ஆறு கொட்டையைக் காட்டுவார்கள். பிறகு 1-ஐக் காட்டி, "இது எங்கே?" என்று கேட்கணும். என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே ஒரு கொட்டையைக் காட்டினார்கள். மீதி ஒன்பது கொட்டை? "அது சும்மா கிடக்கு சார்."

இத்தனைக்கும் அவர்கள் எல்லோரும் "ஒன்று பத்து நூறு ஆயிரம்" என்று ராகத்தோடு ஒப்பிப்பவர்கள். ஒன்றாம் இடம், பத்தாம் இடம் என்று கட்டம் போட்டு நிரப்புகிறவர்கள். கட்டம் நிரப்பத் தெரியும். ஒன்பது கொட்டை சும்மா கிடக்கும்.

நான் இப்போது மூன்று படியாகப் போகிறேன். கட்டு, நோட்டு, இடம். கட்டு என்றால் ஈர்க்குச்சிக் கட்டு. துடைப்பத்துக்குச் சீவிய குச்சி நம்ம வீடுகளில் கிடைக்கும். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்ட் போட வேண்டும். பிள்ளைதான் போட வேண்டும். நான் முதல் வருஷம் வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொண்டு போனேன். பத்துக் கட்டு, நூறு கட்டு எல்லாம் அழகாக இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை. கட்டுவதில்தான் பாடம் இருக்கிறது. பத்துக் குச்சியாக இருந்தது ஒரு கட்டாக ஆகிறதே, அந்த நிமிஷத்தைப் பிள்ளையின் கை அனுபவிக்க வேண்டும். பத்துக் கட்டைச் சேர்த்துப் பெரிய கட்டு, அது நூறு. ஆயிரம் குச்சி எண்ணுவதற்கு எங்களுக்கு மூன்று சாயங்காலம் ஆனது. வீணான நேரம் இல்லை. ஆயிரம் என்பது இத்தனை பெரிசா என்று அவர்கள் வாயைப் பிளந்ததை நான் பார்த்தேன். வங்கியிலும் இதுதான் வேலை. நூறு நோட்டு ஒரு பாக்கெட், பத்துப் பாக்கெட் ஒரு பண்டில். காசாளர் மேஜை என்பதே ஒரு பெரிய இடமதிப்புப் பலகைதான்.

அடுத்தது நோட்டு. அட்டையில் வெட்டின ஒரு ரூபாய், பத்து ரூபாய், நூறு ரூபாய். ஐந்நூறு, இருபது, ஐம்பது எல்லாம் வேண்டாம், அது கடைக்கு வசதி, பாடத்துக்குக் குழப்பம். கட்டுக்கும் நோட்டுக்கும் என்ன வித்தியாசம்? கட்டை அவிழ்த்தால் உள்ளே பத்து இருக்கும். நோட்டைக் கிழித்தால் ஒன்றும் இருக்காது. நூறு ரூபாய்த் தாளும் பத்து ரூபாய்த் தாளும் ஏறக்குறைய ஒரே அளவு. மதிப்பு தாளில் இல்லை, நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பதில் இருக்கிறது. 2016 நவம்பர் 8 ராத்திரி அந்த ஒப்புதலை ஒருவர் டி.வி.யில் வந்து வாபஸ் வாங்கினார். அப்புறம் கவுண்டரில் நான் பட்ட பாடு தனிக் கதை, இங்கே வேண்டாம்.

மூணாவது படி, இடம். இங்கே தாளும் கிடையாது, குச்சியும் கிடையாது. அதே 2 என்கிற எழுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து மதிப்பு. இது நம்ம ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆள் ஒன்றுதான், தெருவைக் கேட்டுவிட்டு மதிப்புப் போடுகிற ஊரில்தான் இருக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எண்ணில் எந்த எழுத்தும் எந்த இடத்துக்கும் போகலாம். இதை நான் ஒரு கவிதையாக எழுதப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால் அட்டைக்கு வருகிறேன்.

மாண்டிசோரி வகுப்புகளில் இருக்கிற அட்டைகள்தான். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தை வெட்டினால் போதும். 200 என்று எழுதின நீள அட்டை, 40 என்று அதைவிடக் குட்டை, 5 என்று ஒரு துண்டு. 200 மேலே வலது ஓரம் சேர்த்து 5-ஐ வைத்தால் கடைசிப் பூஜ்யம் மறைந்து 205 தெரியும். எடுத்தால் 200 திரும்ப வரும். அந்த 2005 எழுதின பெண்ணுக்கு இதைக் கொடுத்தேன். நாலைந்து முறை வைத்து எடுத்து வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், ரெண்டுக்குக் கீழ ரெண்டு முட்டை ஒளிஞ்சிருக்கு" என்றாள். அதற்கப்புறம் அவள் அந்தத் தப்பைப் பண்ணவில்லை. அவள் எழுதின 2005-ஐ நான் அழிக்காமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்போம்.

முட்டை என்றால் பூஜ்யம். பூஜ்யம் என்ற சொல்லையே பாருங்கள், வணக்கத்துக்குரியது என்றும் அர்த்தம், ஒன்றுமில்லை என்றும் அர்த்தம். 628-ல் பிரம்மகுப்தர் அதைக் கூட்ட, கழிக்க விதி எழுதினார். குவாலியரில் ஒரு கோயிலில் 876-ஆம் வருஷத்துக் கல்வெட்டில் 270 என்று பூஜ்யத்தோடு வெட்டியிருக்கிறார்கள். என்ன கணக்கு தெரியுமா? கோயில் நந்தவனத்துக்குக் கொடுத்த நிலத்தின் அளவு. 270 முழத்துக்கு 187 முழம். கல்லில் வெட்டிய பழைய பூஜ்யம் ஒன்று நில அளவில் நிற்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் நிலத்துக்குத்தான் வரப்போகிறேன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது, பூஜ்யம் காலி மனையில் போட்ட வேலி. 205-ல் பத்து என்கிற மனையில் ஆள் இல்லை. ஆள் இல்லை என்று வேலியை எடுத்துவிட்டால் ரெண்டு நகர்ந்து வந்து உட்கார்ந்துவிடும், 25 ஆகிவிடும். நூத்தி எண்பது ரூபாய் போச்சு.

கழித்தலில் ஒரு வார்த்தையை நாம் மாற்றியே ஆகணும். "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுக்கிறோம். 205-லிருந்து 78. அஞ்சிலிருந்து எட்டுப் போகாது, பக்கத்தில் கடன் கேள், பக்கத்து வீட்டிலும் பூஜ்யம், அதுக்கும் அடுத்த வீட்டுக்குப் போ. ஒரு பையன் கேட்டான், "வாங்கின கடனை எப்ப சார் திருப்பிக் கொடுக்கணும்?" சரியான கேள்வி. கடன் என்றால் என்ன என்று நம்ம வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். வட்டி வேறு உண்டு. இங்கே நடப்பது கடன் இல்லை, சில்லறை மாற்றுவது. ஒரு நூறைக் கொடுத்துப் பத்துப் பத்தாக வாங்குகிறோம். அதில் ஒரு பத்தைக் கொடுத்து ஒத்தை ரூபாயாக வாங்குகிறோம். இப்போது கையில் ஒரு நூறு, ஒன்பது பத்து, பதினஞ்சு ஒன்று. மொத்தம் அதே 205. இதிலிருந்து ஏழு பத்தும் எட்டு ஒன்றும் போனால் 127. யாரிடமும் கை நீட்டவில்லை.

வங்கி ரகசியம் ஒன்று சொல்கிறேன், பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சாயங்காலம் கணக்கு இடித்தால் பழைய எழுத்தர்கள் முதலில் செய்வது, வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது. மீதியில்லாமல் வகுபட்டால் எங்கேயோ எண் இடம் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. 540-ஐ 450 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 90. 5,000-ஐ 50,000 என்று எழுதியிருந்தால் 45,000. ரெண்டும் ஒன்பதில் போகும். ஏன்? ஒரு இடம் தள்ளினால் பத்து மடங்கு, பத்து மடங்கிலிருந்து பழையதைக் கழித்தால் ஒன்பது மடங்கு. நான் வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாதம் ஒரு பூஜ்யத்தைக் கூடப் போட்டுவிட்டு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் வியர்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெறப் போகிற ஒரு காசாளர் அண்ணன். பள்ளியிலும் காலேஜிலும் பதினஞ்சு வருஷம் கணக்குப் படித்த எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் சில தோழர்களோடு எனக்கு வழக்கு உண்டு. "நம்ம மக்களுக்குக் கணக்குத் தெரியும், களத்திலும் சூளையிலும் சந்தையிலும் அவர்கள் போடாத கணக்கா, பள்ளிக் கணக்கு ஆதிக்கத்தின் கணக்கு" என்று சொல்கிறார்கள். பாதி உண்மை. நெல் அளக்கும்போது லாபம், ரெண்டு, மூணு என்று பாடிக்கொண்டே அளந்து, கலத்துக்கு ஒரு கோடு சுவரில் இழுப்பார் எங்கப்பா. கோடு தப்பாது. பிரேசிலில் ரெசிஃபி என்கிற ஊரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்து கராஹர் தம்பதியும் ஷ்லீமனும் 1985-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வியாபாரத்தின் போது அந்தப் பிள்ளைகள் போட்ட கணக்கில் நூற்றுக்கு 98 சரி. அதே கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 37-தான் சரி. இதை நம்ம ஆட்கள் கைதட்டி மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதில் ஒரு பையன் கணக்குப் போட்ட விதத்தைப் பாருங்கள். தேங்காய் ஒன்று 35. பத்துத் தேங்காய் எவ்வளவு? மூணு 105, இன்னும் மூணு சேர்த்தால் 210, இன்னும் மூணு 315, அப்புறம் ஒன்று, 350. சரியான விடை. கெட்டிக்காரப் பையன். ஆனால் பத்து மடங்கு என்றால் எல்லா எண்ணும் ஒரு வீடு இடப்பக்கம் நகர்ந்தால் போதும் என்பது அவன் கையில் இல்லை. பத்துக்குச் சமாளித்துவிட்டான். ஆயிரம் தேங்காய்க்கு வியாபாரியின் கால்குலேட்டரைத்தான் நம்பணும். எங்கப்பா கோடு தப்பவில்லை, ஆனால் பண்ணையின் நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர் செத்த வரைக்கும் தெரியாது. அதனால் கோட்டையும் விடக்கூடாது, நோட்டையும் விடக்கூடாது. அமெரிக்காவில் மிசிசிப்பியில் 1960களில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்காக அடி வாங்கிய பாப் மோசஸ், 1980களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லித்தரும் இயக்கம் ஆரம்பித்தார். 2021-ல் இறக்கும் வரை அதை ஓட்டுரிமைக்குச் சமமான போராட்டம் என்றுதான் நினைத்தார். நாம் ஏன் அதைப் பி.எஸ்ஸி. தம்பி தலையில் கட்டுகிறோம்?

இனி தசமம். புள்ளிக்கு வலப்பக்கம்.

0.35 பெரிசா, 0.8 பெரிசா என்று கேளுங்கள். அஞ்சாவது பிள்ளை 0.35 என்பான். 35 எட்டைவிடப் பெரிசு இல்லையா? இந்தத் தப்புக்கு நாமே காரணம். "புள்ளி முப்பத்தஞ்சு" என்று வாசிக்கிறோம். புள்ளிக்கு அப்பால் முப்பது கிடையாது. "புள்ளி மூணு அஞ்சு" என்றுதான் வாசிக்கணும். பத்தில் மூணு, நூறில் அஞ்சு. இந்த ஒரு பழக்கத்தை நாம் மாற்றிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. என் நாக்கு திருந்த ஒரு வருஷம் ஆனது, ஏனென்றால் வங்கியில் வட்டி விகிதத்தை நாள் பூரா "ஆறு புள்ளி எழுபத்தஞ்சு" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு பெரிய சிக்கலைப் பிள்ளைகள்தான் எனக்குக் காட்டினார்கள். தெருவில் அவர்கள் பார்க்கிற புள்ளி எல்லாம் தசமப் புள்ளி இல்லை. கிரிக்கெட்டில் 19.5 ஓவர் என்றால் அடுத்த பந்தில் 20. அங்கே ஆறு பந்துக்கு ஒரு ஓவர். போஸ்டரில் மாலை 6.30 மணி என்று போடுகிறோம், அது அறுபதுக்கு அறுபது. உயரம் 5.6 அடி என்று எழுதுகிறார்கள், அது அஞ்சு அடி ஆறு அங்குலம், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. தேதி 6.12.1956, அங்கே புள்ளி சும்மா ஒரு தடுப்பு. 3.4 ஓவரும் 2.5 ஓவரும் கூட்டினால் எவ்வளவு என்றேன். பையன்கள் ஒரு நொடியில் 6.3 என்றார்கள். ஓவரில் அது சரி. அதையே கிலோவில் கேட்டால் 5.9. அவர்களைத் தப்பென்று சொல்லாமல், "இந்தப் புள்ளி எத்தனைக்கு ஒரு தடவை உருளும்?" என்று கேட்கப் பழக்கினேன். ஆறுக்கா, அறுபதுக்கா, பத்துக்கா? தசமப் புள்ளி என்றால் எப்போதும் பத்துக்குத்தான். ஒரு வாரம் தெருத்தெருவாகப் புள்ளி பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். அதைவிட நல்ல பாடம் நான் எடுத்ததில்லை.

பாடப் புத்தகங்களில் ரூபாய், பைசாவை வைத்துத் தசமம் சொல்லித்தருவது பழைய வழக்கம். 1957 ஏப்ரல் 1-ல் நூறு நயா பைசா ஒரு ரூபாய் என்று வந்தது. அதற்கு முன்னால் பதினாறு அணா. அணா காலத்தில் நம்ம மொழியின் பின்னங்கள் கச்சிதமாகப் பொருந்தின. அரை, கால், அரைக்கால், வீசம். பாதியில் பாதி, அதில் பாதி. அந்தக் கணக்கில் பத்தில் ஒன்றுக்கு இடமில்லை. இருமா என்று தனியாக ஒரு பெயர் இருந்தது, இன்று யார் வீட்டில் சொல்கிறார்கள்? அதனால் பாதி, கால் என்பது பிள்ளைக்குத் தாய்மொழி. பத்தில் ஒன்று அந்நிய மொழி. போதாததற்கு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாது என்று ஆகிவிட்டது. 50 பைசா சட்டப்படி செல்லும், கடைக்காரர் வாங்க மாட்டார். பத்து வயசுப் பிள்ளை பைசாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத காசை வைத்துப் புரியாத கணக்கைச் சொல்லித்தருகிறோம். அது மட்டும் இல்லை, ரூ. 12.5 என்றால் பன்னிரண்டு ரூபாய் அஞ்சு பைசா என்றே நினைப்பார்கள். காசில் புள்ளி ரெண்டு தனித்தனிக் குவியலுக்கு நடுவில் போட்ட சுவர் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே வரிசை, வலப்பக்கம் போகப்போக ஒவ்வொரு வீடும் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்பது தெரிவதே இல்லை.

அளவுகோல் நல்லது, டெய்லர் டேப் நல்லது. ரேஷன் கடைத் தராசு ரொம்ப நல்லது. ரெண்டு கிலோ சர்க்கரை கேட்டு 1.850 என்று சிவப்பு எழுத்தில் வந்தால் எவ்வளவு குறைகிறது என்று பிள்ளை அங்கேயே சொல்லணும். சொல்கிறார்கள். கடைக்காரர்களுக்கு எங்கள் வகுப்பின் மேல் அத்தனை பிரியம் இல்லை.

ஆனால் எனக்குத் தசமத்தைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பட்டா. போன வருஷம் அஞ்சாவது படிக்கிற ஒரு பெண் அவள் அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த வீட்டுமனைப் பட்டாவின் நகலை எடுத்து வந்தாள். பரப்பு 0.01.21 என்று இருந்தது. "சார், இதுல ரெண்டு புள்ளி இருக்கே?" நியாயமான கேள்வி. முதல் புள்ளி ஹெக்டேரையும் ஏரையும் பிரிக்கிறது. ஒரு ஹெக்டேர் நூறு ஏர். ரெண்டாவது புள்ளிதான் ஏருக்கான தசமப் புள்ளி. ஆக 1.21 ஏர். நம்ம பேச்சில் மூணு சென்ட். வீட்டுக்காரர்களுக்கு மூணு சென்ட் என்று தெரியும். தாளில் இருக்கிற 0.01.21-தான் மூணு சென்ட் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது, தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நிலம் பற்றி எவ்வளவு பேசுகிறோம். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதின அறிக்கை, 1892 அரசாணை, பஞ்சமி நிலம் என்று நான் கூட்டம் கூட்டமாகப் பேசியிருக்கிறேன். என் சொந்தப் பட்டாவை வாசிக்கத் தெரியாமல் பேசியிருக்கிறேன்.

மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில் கோலமாவால் ஒரு சதுரம் போட்டோம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். அதுதான் ஒரு ஏர். அதைப் பத்துப் பட்டையாகக் கோடு இழுத்தோம். ஒரு பட்டை பத்தில் ஒன்று, 0.1. பட்டையைப் பத்துக் கட்டமாக வெட்டினோம். ஒரு கட்டம் ஒரு சதுர மீட்டர், நூறில் ஒன்று, 0.01. அதில் நின்று விளையாடினார்கள். "0.3-ல நில்லு", "0.07-ல நில்லு." 0.35-உம் 0.8-உம் இப்போது சண்டைக்கு இடமில்லாமல் தெரிந்தது. மூணரைப் பட்டை எங்கே, எட்டுப் பட்டை எங்கே. பிறகு 1.21 போடச் சொன்னேன். ஒரு முழுச் சதுரம். அதன் வலது ஓரத்தில் ஒரு பட்டை, மேல் ஓரத்தில் ஒரு பட்டை, மூலையில் ஒரே ஒரு கட்டம் இடைவெளி, அதையும் நிரப்பினார்கள். ஒன்று, ரெண்டு பட்டை, ஒரு கட்டம். பார்த்தால் பதினோரு மீட்டருக்குப் பதினோரு மீட்டர் சதுரமாக வந்து நிற்கிறது. நான் திட்டமிட்டது இல்லை. பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121 என்று வாய்ப்பாட்டில் எத்தனை தடவை ஒப்பித்திருப்பேன், அதைத் தரையில் அன்றுதான் பார்த்தேன்.

அடுத்து அவர்களே கேட்டார்கள், நிஜமான மனையை அளக்கலாமா என்று. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு அந்தப் பெண்ணின் வீட்டு மனையை அளந்தோம். தெருப்பக்கம் பதினொன்று. உள்பக்கம் ஒன்பது. திரும்ப அளந்தோம். ஒன்பதுதான். பின்னாடி இருக்கிற கொல்லையின் முள்வேலி ரெண்டு மீட்டர் உள்ளே வந்திருக்கிறது. பதினொன்றை ஒன்பதால் பெருக்கினால் 99 சதுர மீட்டர். 0.99 ஏர். ஒரு பையன் சந்தோஷமாகக் கத்தினான், "பட்டாவுல 21, நம்ம கிட்ட 99, நமக்குக் கூட இருக்கு சார்!" இந்தத் தப்பு பெரியவர்களும் பண்ணுகிற தப்புதான். பட்டாவைக் காட்டி யாராவது இப்படிச் சொன்னால் நம்ம ஆட்கள் நம்பிவிட்டு வந்திருப்பார்கள். அவனைக் கோலமாவுச் சதுரத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். 0.99 என்றால் முழுச் சதுரத்தில் ஒரு கட்டம் குறைவு. 1.21 என்றால் முழுச் சதுரத்துக்கு வெளியே இன்னும் இருபத்தோரு கட்டம். நடுவில் எத்தனை கட்டம்? எண்ணினான். இருபத்திரண்டு. அரை சென்டுக்கும் மேலே. அவன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன்.

அன்று ராத்திரி அந்தப் பெண்ணின் அம்மா என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, கணக்குச் சொல்லித் தர்றீங்கன்னுதான் புள்ளைய அனுப்புனேன். வம்பு இழுக்கவா? அவுங்க கொல்லையிலதான் நான் களை எடுக்குறேன்." எனக்குப் பதில் வரவில்லை. அவருக்கு அந்த இருபத்திரண்டு கட்டத்தைவிடத் தினக்கூலி பெரிசு. அதைச் சின்னதென்று சொல்ல நான் யார்? வங்கிச் சம்பளக்காரன். ரெண்டு வாரம் வகுப்பில் அளவு வேலையை நிறுத்திவைத்தோம். அப்புறம் அவரே வந்து, தனியாகப் போனால்தானே வம்பு, தெருவாகப் போகலாமே என்றார். பதினேழு வீட்டு மனையையும் பிள்ளைகள் அளந்தார்கள். அந்தப் பக்கத்து வரிசையில் ஆறு மனையில் குறைகிறது. 0.99, 1.04, 1.1, 1.08 என்று நோட்டில் எழுதினார்கள். இதை இறங்குவரிசையில் எழுது என்பதே ஒரு நாள் பாடமாக இருந்தது. 1.1-தான் எல்லாவற்றிலும் சின்னது என்று அடம்பிடித்த ஒருத்தி இருந்தாள், கடைசியில் பட்டை போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள்.

ஆறு வீட்டுக்காரர்களும் சேர்ந்து எல்லையை அளந்து காட்டக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். கட்டணம் கட்டிய ரசீது இருக்கிறது. நாலு மாதம் ஆகிறது, சர்வேயர் இன்னும் வரவில்லை. வேலி அங்கேயேதான் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அந்தக் கொல்லையில் இப்போது வேலை கொடுப்பதில்லை, பக்கத்து ஊருக்குப் போய்வருகிறார். பெண் ஆறாவது போய்விட்டாள், இன்னும் சாயங்காலம் வருகிறாள், சின்னப் பிள்ளைகளுக்கு அட்டை வெட்டிக் கொடுக்கிறாள்.

கயிறு இழுபடுகிறது என்று சர்வேயர் சொல்லிவிட்டால் எங்கள் அளவு நிற்காது. முப்பது மீட்டர் டேப் ஒன்று வேண்டும். கட்டட வேலை செய்கிற தோழர்கள் யாரிடமாவது பழசு இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள்.